வன்னியில் தொழிற்கல்விக்கு யாரை எடுப்பது? தகுதியும் தெரிவும்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு தடவையும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் பெற்றோர் பலர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: உயர்தரத்துக்குப் போகாத பிள்ளையை எங்கே சேர்ப்பது? பல்கலைக்கழக அனுமதி பற்றி நம்மிடம் பேச்சுக்குக் குறைவில்லை. இசட் புள்ளி எவ்வளவு, மாவட்டத்துக்கு எத்தனை இடம், வெட்டுப்புள்ளி போன வருடத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்பதெல்லாம் உயர்தர மாணவர் இருக்கும் வீடுகளில் நாள்கணக்காக அலசப்படுகின்றன. மின்னிணைப்பாளர் கற்கைக்கோ மோட்டார் வாகனத் திருத்துநர் கற்கைக்கோ யார் எடுக்கப்படுகிறார், யார் திருப்பி அனுப்பப்படுகிறார், அது எந்த அளவுகோலின்படி என்பது பற்றி அப்படி யாரும் பேசுவதில்லை. விண்ணப்பித்த பிள்ளைக்குக்கூட அது பல வேளைகளில் தெரியாது. அந்த அளவுகோல்கள் எதை அளக்கப் போடப்பட்டன, வன்னியில் உண்மையில் எதை அளக்கின்றன என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

வன்னியில் தொழிற்கல்விக்குப் பல வாசல்கள் உண்டு. வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜேர்மனிய அரசின் உதவியோடு 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தொழிற்பயிற்சி அதிகார சபையும், பயிலுநர் பயிற்சிக்குப் பொறுப்பான தேசிய அதிகார சபையும், தேசிய இளைஞர் சேவைகள் மன்றமும் தத்தமது கற்கைகளை நடத்துகின்றன. இவற்றோடு, 2017இல் நாடளாவிய ரீதியில் 42 பாடசாலைகளில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் கீழ், பாடசாலைக்குள்ளேயே தொழிற்பாடத்துறை வந்திருக்கிறது. அத்துறையில் சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் சேரலாம். 26 தொழிற்பாடங்களில் மூன்றைத் தெரிந்து, 13ஆம் தரத்தில் தேசிய தொழிற்தகைமையின் நான்காம் மட்டத்தை நோக்கிப் பயிற்சி பெறலாம். ஏழு மட்டங்களைக் கொண்ட அந்தத் தகைமைச் சட்டகத்தில் நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். ஆகவே ஏணி நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. அதன் முதற்படியில் யாரை ஏற்றுவது என்பதில்தான் சிக்கல்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இக்கற்கையைப் பயில்வதற்கு ஒருவருக்கு ஆகக் குறைந்தது என்ன வேண்டும் என்பது முதலாவது. அதைத் தகுதி என்போம். தகுதியுள்ளவர்கள் இடங்களைவிடக் கூடுதலாக வந்துவிட்டால் அவர்களுக்குள் யாரை எடுப்பது என்பது இரண்டாவது. அதைத் தெரிவு என்போம். முதற்கேள்விக்கான விடை தொழிலின் தன்மையிலிருந்து வரவேண்டும். இரண்டாவதற்கான விடை பிள்ளைகளுக்கிடையிலான நியாயத்திலிருந்து வரவேண்டும். நமது நடைமுறையில் முதலாவதற்காக வைக்கப்பட்ட அளவுகோலே இரண்டாவதற்கும் இழுத்து நீட்டப்படுகிறது. சித்தி போதும் என்ற இடத்தில் திறமைச் சித்தி முன்னால் வந்து நிற்கிறது. ஆறு பாடம் போதும் என்ற இடத்தில் ஒன்பது பாடம் சித்தியடைந்தவர் எடுக்கப்படுகிறார். யாரும் திட்டமிட்டு அநீதி செய்வதாக நான் கருதவில்லை. புள்ளிகளை வரிசைப்படுத்துவது இலகுவானது, பின்னர் கேள்வி கேட்பவருக்குக் காட்டவும் வசதியானது.

தகுதியை எடுத்துக்கொண்டால், வீட்டு மின்னிணைப்பு வேலைக்குக் கணக்கு வேண்டும். மின்னோட்டத்தையும் சுமையையும் கணக்கிடத் தெரியாமல் எந்தத் தடிப்பில் வயர் இழுப்பது என்று தீர்மானிக்க முடியாது. தவறினால் வீடு எரியும். ஆகவே கணிதத்தில் அடிப்படை கேட்பது நியாயம். வெல்டிங் பழகுவதற்கு முதலில் வேண்டியது கண்ணும் கை நிதானமும். கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் உருகிய உலோகக் குட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு, வெல்டிங் கூர் உருகிக் குறையக் குறையக் கையை ஒரே இடைவெளியில் இறக்கிக்கொண்டு வரவேண்டும். பொறி தெறித்தாலும் கை விலகக் கூடாது. அதற்கு வரலாற்றிலோ சமயபாடத்திலோ எடுத்த பெறுபேறு என்ன சொல்லும்? மேசன் வேலைக்கு அளவும் மட்டமும் விகிதமும் தெரியவேண்டும்; ஆறு பாடச் சித்தி தெரியவேண்டியதில்லை. ஒன்பதாம் தரம் வரை படித்திருந்தால் போதும் என்னும் கற்கைகளும் நாட்டில் உண்டு என்பதையும், ஒவ்வொரு கற்கைக்கும் தனித்தனித் தகுதி வைக்க முறைமை இடங்கொடுக்கிறது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கூடாதது, எல்லாக் கற்கைக்கும் ஒரே சல்லடையைப் பிடிப்பது.

தெரிவுக்கு வந்தால் உலகெங்கும் வழக்கில் இருப்பவை நான்கு: பரீட்சைப் பெறுபேறு, பாடசாலை வரவு, அதிபரின் நற்சான்று, நேர்முகம். கொழும்பிலோ கண்டியிலோ இவை எப்படி வேலை செய்யும் என்பது வேறு விடயம். வன்னியில் ஒவ்வொன்றும் பிள்ளையின் வீடு இருக்கும் இடத்தை அளக்கத் தொடங்கிவிடுகிறது.

பெறுபேற்றை நீட்டி விளக்கத் தேவையில்லை. கணித, விஞ்ஞான, ஆங்கில ஆசிரியர் நகரப் பாடசாலையில் தங்குவதும், துணுக்காயிலும் நெடுங்கேணியிலும் முசலியிலும் இடமாற்றம் கேட்டுக்கொண்டிருப்பதும் எல்லோரும் அறிந்த சங்கதி. வருடக்கணக்காகக் கணித ஆசிரியர் இல்லாத வகுப்பில் இருந்துவிட்டு வந்த பிள்ளையின் கணிதப் பெறுபேறு, அந்தப் பிள்ளையின் கணித ஆற்றலைச் சொல்வதில்லை.

வரவைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அது பார்வைக்கு மிக நியாயமான அளவுகோல். ஒழுங்காகப் பாடசாலைக்குப் போனவன் ஒழுங்காகப் பயிற்சிக்கும் வருவான் என்ற எண்ணத்தில் தவறு காண்பது கடினம். ஆனால் பாண்டியன்குளத்துக்கு உள்ளேயோ ஒட்டுசுட்டானுக்கு அப்பாலோ இருக்கும் ஒரு கமக்கார வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலபோக நெல் தை, மாசியில் வீட்டுக்கு வருகிறது. வெட்டு இப்போது இயந்திரத்துக்குப் போய்விட்டாலும், நெல்லைக் காயப்போடுவதும் மழை இருட்டினால் அள்ளிக் குவிப்பதும் மூட்டை பிடிப்பதும் வீட்டாரின் வேலைதான். கதிர் முற்றும் காலத்தில் யானைக்காவல் வேறு. இரவு முழுவதும் பரணில் தீயும் வெடியுமாக இருந்த பதினைந்து வயதுப் பையன் மறுநாள் காலை முதற்பாடத்துக்கு வருவான் என்று எதிர்பார்க்க முடியாது. தகப்பன் இல்லாத வீட்டில் இந்த வேலை மூத்த பிள்ளையின் தலையில் முழுதாக விழுகிறது. போர் முடிந்த 2009க்குப் பின் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் வன்னியில் எவ்வளவு பெருகின என்பது தெரிந்ததே. வரவு இடாப்பில் இவை எல்லாம் ஒரே சுழியமாகத்தான் விழுகின்றன. நாளும் பொழுதும் கருவி பிடித்து வேலை செய்கிற பிள்ளை, வேலை பழகும் இடத்தில் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இந்த முரணை என்னால் இலேசாகக் கடந்துபோக முடியவில்லை.

நற்சான்று அதிபரின் கையில் இருக்கிறது. பத்தாம் தரத்தோடு இடைவிலகிய பிள்ளையைப் பற்றி அதன் பிறகு வந்த புதிய அதிபர் என்ன எழுதுவார்? வழக்கமான இரண்டு வரிகளைத்தான் எழுத முடியும். நகரத்தில் உள்ள பிள்ளைக்கோ விளையாட்டு, சாரணர், மாணவத் தலைவர் பதவி என்று ஒரு பக்கம் நிறையும்.

நேர்முகத்தில் கேட்கப்படும் கேள்விகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ‘உங்களைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லுங்கள்’ என்பது ஒன்று. குழாய் பொருத்தும் கற்கைக்கு வந்த பிள்ளை அந்தக் கணத்தில் வாயடைத்துப்போகும், அதன் பிறகு கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் குரல் எழும்பாது. ‘அப்பா என்ன வேலை?’ என்பது மற்றது. சாதாரணமாகக் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு வன்னியில் எத்தனை பிள்ளைகள் மேசையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லவேண்டியிருக்கிறது என்பதைக் கேட்பவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். தொழிற்தகைமை முறைமையே செய்துகாட்டும் தேர்ச்சியை அடிப்படையாகக் கொண்டது. அப்படியிருக்க, நுழைவில் மட்டும் பேச்சுத் திறனைச் சோதிப்பது ஏன்? ஒரு மூன்றுமுனைப் பிளக்கையும் ஒரு முழம் வயரையும் ஸ்குரூடிரைவரையும் மேசையில் வைத்து, எந்த நிறக்கம்பி எங்கே போகும் என்று ஒருமுறை செய்துகாட்டிவிட்டு, இப்போது நீ செய் என்று விடலாம். கவனமும் கைப்பழக்கமும் கற்றுக்கொள்ளும் வேகமும் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

புள்ளி வரிசையை விட்டு விலகலாம் என்று சொன்னவுடன் நமது சமூகத்தில் ஒரு பதற்றம் எழுவது இயல்பு. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவர்களுக்குச் செய்த காயம் அப்படிப்பட்டது. மொழிவாரியாகப் புள்ளியை ஏற்றி இறக்கியது அநீதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு தர்க்கத்தின் மீது நின்றது. இன்று பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என்று இருக்கும் ஏற்பாட்டால் பயன்பெறுவோரில் வன்னியின் நான்கு மாவட்டங்களும் அடங்கும். கிளிநொச்சியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மருத்துவபீடத்துக்கும் பொறியியற்பீடத்துக்கும் போன பிள்ளைகள் பலர் அந்த வழியால்தான் போனார்கள். புள்ளி வரிசை மட்டுமே நியாயம் என்று வன்னியில் இருந்துகொண்டு வாதிடுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வரலாற்றில் இன்னொரு படிப்பினையும் இருக்கிறது. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், கிளிநொச்சி 1984இல். மாவட்ட ஒதுக்கீடு வந்த காலத்தில் பூநகரிப் பிள்ளையும் அக்கராயன் பிள்ளையும் யாழ்ப்பாண மாவட்டத்தின் பெயரில் யாழ் நகரப் பாடசாலைகளோடு போட்டியிட்டார்கள். எல்லையை எங்கே போடுகிறோம் என்பதே அரைவாசித் தீர்ப்பு. இன்று வன்னியின் நான்கு மாவட்டங்களிலும் 19 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. மாவட்டம் என்ற ஒரே அலகை வைத்தால் வவுனியா நகரம் செட்டிகுளத்தையும் நெடுங்கேணியையும் விழுங்கிவிடும். கிளிநொச்சி நகரம் உள்ள கரைச்சி பூநகரியை விழுங்கிவிடும். தொழிற்கல்விக்கு ஒதுக்கீடு என்றால் அது பிரதேச செயலக மட்டத்தில் இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தெரிவுக்கு வேறு வழி உண்டா என்றால், அண்மைக்கால உதாரணம் ஒன்று அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே தொழில்நுட்ப உயர்பாடசாலைகளுக்குக் கேள்வி அதிகம். இடத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் ஏராளம். பல பாடசாலைகள் பெறுபேறு, வரவு, ஒழுக்கப் பதிவு, ஆலோசகரின் பரிந்துரை, நேர்முகம் என்பவற்றுக்குப் புள்ளியிட்டு வரிசைப்படுத்தி வந்தன. வறிய குடும்பத்துப் பிள்ளைகளும், மாற்றுத்திறன் உள்ளவர்களும், ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்பவர்களும் குறைந்த வீதத்திலேயே எடுக்கப்படுகிறார்கள் என்பது தரவுகளில் தெரியவந்தது. பல வருட வாதத்துக்குப் பின், 2025 மே மாதத்தில் மாநிலக் கல்விச் சபை, இடத்தைவிட விண்ணப்பம் கூடிய தொழிற்பாடசாலைகள் சீட்டுக் குலுக்கல் முறையால் பிள்ளைகளைத் தெரியவேண்டும் என்று முடிவெடுத்தது. பாடசாலை நடத்துவோர் பலர் எதிர்த்தார்கள். பட்டறையில் ஆபத்தான இயந்திரங்கள் உள்ளன, ஒழுக்கமில்லாத பிள்ளையை எடுக்கக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்பது அவர்களின் வாதம்.

குலுக்கல் என்றவுடன் சூதாட்டம் என்று முகம் சுளிப்பவர்கள் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை நினைத்துப் பார்க்கலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட அவை, ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆட்களைத் தெரிந்த குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்திலிடப்பட்டன. சபையார் முன்னிலையில் ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கப்பட்டது. முதலில் தகுதி, பிறகு பகுதிவாரியான பங்கு, அதன்பின் குலுக்கல், அதுவும் எல்லோர் கண்முன்னே. ஆனால் அந்தத் தகுதி என்னவென்றும் பார்க்கவேண்டும்: கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. ஊரில் பெரும்பான்மையோரின் பெயர் குடத்துக்குள் விழவே வழியில்லை. ஆகவே குலுக்கல் மாத்திரம் நியாயத்தைக் கொண்டுவந்துவிடாது. தகுதிக்கோடு தவறான இடத்தில் போடப்பட்டால் குலுக்கல் அந்தத் தவறை மூடிமறைக்கும்.

வன்னிக்கு இதை எப்படிப் பொருத்துவது? முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு மோட்டார் வாகனக் கற்கைக்கு 20 இடங்கள், தகுதியுள்ள விண்ணப்பதாரர் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பிரதேச செயலகப் பிரிவுகளுக்கும் இரண்டிரண்டாக 12 இடங்களை ஒதுக்கி, அந்தந்தப் பிரிவுக்குள் சீட்டு எடுக்கலாம். மீதி எட்டு இடங்களுக்கு எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து எடுக்கலாம். ஒரு பிரிவில் ஒருவர்தான் விண்ணப்பித்தார் என்றால் மிஞ்சும் இடம் பொதுவுக்குப் போகும். எடுக்கப்படாத 40 பேருக்கும் அதே குலுக்கலில் காத்திருப்பு இலக்கம் விழும். யாராவது விலகினால் அடுத்த இலக்கத்துக்கு அழைப்புப் போகும். பிரதேச செயலக மண்டபத்தில் பெற்றோர் முன்னிலையில் அரைநாளில் முடிக்கக்கூடிய வேலை இது. இதில் ஒரு பெரும் நன்மை உண்டு: ‘யாரைப் பிடித்தால் இடம் கிடைக்கும்’ என்ற கேள்விக்கு அர்த்தமில்லாமல் போகும். அரசியல்வாதியின் கடிதத்தோடு வருபவரும் கடிதமில்லாமல் வருபவரும் ஒரே பெட்டிக்குள் ஒரே அளவுத் துண்டாக விழுவார்கள்.

போதனாசிரியர்களின் தயக்கம் எனக்கு விளங்குகிறது. அதை ஒதுக்கிவிடக் கூடாது. ஆறு வெல்டிங் கூடமும் இரண்டு கடைசல் இயந்திரமும் உள்ள பட்டறையில் விருப்பமில்லாமல் வந்து மூன்றாம் மாதம் நின்றுவிடும் பிள்ளை, விருப்பத்தோடு காத்திருந்த இன்னொரு பிள்ளையின் இடத்தை வீணாக்குகிறது. அரச செலவில் நடக்கும் பயிற்சியில் இது சிறிய இழப்பல்ல. இதற்கான மருந்து, விருப்பத்தைக் குலுக்கலுக்கு முன்னரே சோதிப்பது. விண்ணப்பித்த எல்லோரும் இரண்டு நாள் பட்டறைக்கு வந்து பார்க்கட்டும்: இரைச்சல், சூடு, எண்ணெய், மணிக்கணக்காக நிற்பது எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளட்டும். அதன் பிறகும் பெயரைக் கொடுப்பவர் விருப்பத்தோடு கொடுக்கிறார். பாதுகாப்பு விதிகளை மீறுபவரைப் பயிற்சியின்போது நிறுத்தும் அதிகாரம் எப்போதும் போல நிலையத்துக்கு இருக்கட்டும். எட்டாம் தரத்தில் பிடித்த சண்டைக்காகப் பதினேழு வயதில் வாசலை மூடவேண்டியதில்லை.

எல்லாக் கற்கைக்கும் ஆட்கள் முண்டியடிப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். இடம் நிரம்பாத கற்கைக்குத் தெரிவே தேவையில்லை. தகுதியுள்ள எல்லோரையும் எடுத்துவிட வேண்டும். அங்கே கேட்கவேண்டியது ஏன் வரவில்லை என்பது. மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்குப் பின்னேரம் நான்கரைக்கு முடியும் வகுப்புக்குப் போய்வரும் பெண்பிள்ளைக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதே அனுமதி விதி. விடுதியும் போக்குவரத்துப் படியும் இல்லாமல் வெளிவரும் அனுமதிக் கொள்கை, பஸ் பாதையோரத்தில் வீடுள்ளவர்களுக்கான கொள்கையாகவே முடியும். பெண்பிள்ளைகளைத் தையலுக்கும் அழகுக்கலைக்கும் திருப்பிவிடும் பழக்கத்தை விண்ணப்பம் பெறும் மேசையிலேயே நிறுத்தவேண்டும். மின்னிணைப்புக்கு வந்த பெண்பிள்ளையிடம் ‘உனக்கு இது சரிவருமா’ என்று கேட்காமல் படிவத்தைக் கொடுப்பது போதும். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கும் இதுவே பொருந்தும்: பொதுவான மருத்துவச் சான்றைக் கேட்டுத் திருப்பி அனுப்பாமல், அந்தத் தொழிலின் எந்தச் செயலை அவரால் செய்யமுடியும், எந்தச் செயலுக்குக் கருவியில் மாற்றம் வேண்டும் என்று பட்டறையில் வைத்தே பார்க்கவேண்டும்.

ஆவணங்களில் வரும் தடங்கல் வன்னிக்கே உரியது. 2009இன் முதல் மாதங்களில், இடம்பெயர்வின் நடுவே பதுங்குகுழிக்குள்ளும் தறப்பாளுக்குக் கீழும் பிறந்த பிள்ளைகளுக்கு 2025இல் வயது 16. அவர்களில் சிலரின் பிறப்பு காலங்கடந்து பதியப்பட்டது. சிலரின் பத்திரத்தில் பெயர் எழுத்துப் பிழை, திகதிப் பிழை. தகப்பனின் ஆவணம் கிடைக்காததால் ஒரு பத்திரம் திருத்தப்படாமலே கிடக்கலாம். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் இவற்றைச் சரிசெய்ய எத்தனை கந்தோர் ஏறி இறங்கவேண்டும் என்பது ஏறியவர்களுக்குத் தெரியும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலை வைத்து நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டு, பத்திரத்தைச் சான்றிதழ் வழங்கும் நாளுக்கு முன் சமர்ப்பிக்க அனுமதித்தால் யாருக்கும் நட்டமில்லை.

இவற்றில் பலவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. பாடசாலைத் தொழிற்பாடத்துறை கல்வித் திணைக்களத்தின் கீழும், பயிற்சி நிலையங்கள் மத்திய அரசின் வெவ்வேறு நிறுவனங்களின் கீழும் இருப்பதால், ஒரே பிள்ளை நாலு படிவம் நிரப்பி நாலு நேர்முகத்துக்கு அலைகிறது. மாவட்ட செயலகங்கள் ஒரு பொதுப் படிவத்தையும் ஒரே குலுக்கல் நாளையும் ஒழுங்குசெய்தால் அந்த அலைச்சல் குறையும். அதுவரை பெற்றோரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் ஒரு பயிற்சி நிலையத்திடம் எழுத்தில் கேட்கலாம்: கடைசியாக நடந்த அனுமதியில் எந்தக் கற்கைக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலிருந்தும் எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள், ஆண்பிள்ளைகள் எத்தனை பெண்பிள்ளைகள் எத்தனை, எந்த அளவுகோலுக்கு எத்தனை புள்ளி. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவை அறிவிக்கவேண்டும். மறுத்தால் காரணம் எழுதவேண்டும், அதற்கு மேன்முறையீடும் உண்டு. பத்தொன்பது பிரிவுகளிலிருந்தும் அந்தக் கேள்வி போனால், எந்தப் பிரிவுப் பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது அடுத்த விண்ணப்ப அறிவித்தல் வருவதற்கு முன் நமக்குத் தெரிந்துவிடும்.